அது உங்கள் குழந்தையாக இருக்க வேண்டியதில்லை

டிக்கெட் எடுக்காதவன் முகத்தில் பொதுநலம் பொங்கி வழியும். ஜன்னல் வழியாக ஊரை அக்கறையோடு பார்ப்பான். ஏறுகிற வயசானவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பான். யாரோ பெற்ற குழந்தையைக் குனிந்து கொஞ்சுவான். டிக்கெட் எடுத்தவனுக்கு இந்த அவஸ்தையெல்லாம் இல்லை, அவன் பாட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். பஸ்ஸில் டிக்கெட் சோதித்தே தலை நரைக்கத் தொடங்கிவிட்ட செக்கரின் அனுபவத்தில் அந்தப் பயம் பயமாகத் தெரியாது, அன்பாகத்தான் தெரியும். அதனால் யாராவது தேவைக்கு மேல் நல்லவிதமாக நடந்துகொண்டால் அவருடைய வலது கை தானாக நீளும்.

வீட்டிலும் அதே பிழைப்புதான். காய்கறிக்காரர் ஒரு தக்காளி கூடுதலாகப் போட்டால் தராசைத் திருப்பிப் பார்ப்பார். மனைவி காபியைக் கொடுத்துவிட்டுச் சிரித்தால், "என்ன உடைஞ்சுது?" என்பார். அவள் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்ப்பவள். பிய்ந்ததையும் கிழிந்ததையும் ஒட்டிக் காயவைக்கிற பொறுமை அவளுக்கு இருந்ததால் குடித்தனம் ஓடியது. இனிமேல் குழந்தை இல்லை என்று இருவரும் தனித்தனியாக முடிவுகட்டி, ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருந்த நேரத்தில் அவள் கர்ப்பமானாள். டாக்டர் சொன்னபோது, "நல்லாப் பார்த்தீங்களா?" என்றுதான் செக்கர் கேட்டார். அப்புறம் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, விளம்பரப் பலகை பக்கமாகத் திரும்பி நின்று அழுதார்.

அந்தக் குழந்தைதான் ஏழாவது மாதத்தில் சின்னதாக இருக்கிறது என்றார்கள்.

சொன்னது பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு டாக்டரம்மா. தூக்கம் கெட்ட கண்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், காதில் பேனா, வாயில் கொட்டாவி.

"மாசத்துக்கு ஏத்த வளர்ச்சி இல்ல. நஞ்சுக்கொடி வழியா போற ரத்தம் குறைச்சலா இருக்கலாம். அடிக்கடி ஸ்கேன் பண்ணிப் பார்த்துக்கிட்டே இருக்கணும். உள்ள வளரலேன்னா சரியான நேரத்துல வெளிய எடுத்துடணும். முன்னாடி எடுத்தாலும் கஷ்டம், தாமதிச்சாலும் கஷ்டம். இதுல வித்தையே அதுதான்." ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "எதிர்ல இருக்கு பாருங்க, கருவளர்ச்சி உயராய்வு மையம். இதுக்குன்னே கட்டினது. அங்க இருக்கிற மெஷின்ல பாதி எனக்கு இருந்தா நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிருப்பேன். அங்க பார்த்துக்குங்க."

அவர் ஒருதரம்கூடச் சிரிக்கவில்லை. அதனால் செக்கருக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது.

எதிர்ச்சாரியில் இருந்த கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்ததுமே செக்கரின் கை அரித்தது. கதவைத் திறந்துவிட்டவர் சிரித்தார். வரவேற்பு மேஜைப் பெண் அதைவிடப் பெரிதாகச் சிரித்தாள். யாரோ வந்து மனைவியின் காலுக்குக் கீழே குட்டி முக்காலி வைத்தார்கள். இன்னொருவர் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து, "இன்னொன்னு எடுத்துக்குங்க" என்று வற்புறுத்தினார். வைத்தியம் பார்க்கிற எந்த இடத்திலும் யாரும் யாரையும் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் கண்டதில்லை.

"இந்தக் கட்டடத்துல ஒருத்தர்கிட்டயும் டிக்கெட் இல்ல," என்று மனைவியின் காதில் சொன்னார்.

"பிஸ்கட் நல்லாருக்கு. சாப்பிடுங்க," என்றாள் அவள்.

மையத்தின் இயக்குநரே எழுந்து வந்தார். வெள்ளைத் தலை, வெண்ணெய்க் குரல். மனைவியின் வயிற்றைப் பார்த்து, நகைக்கடை ஜன்னலில் நிற்பவர்போல ஒரு கணம் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். ரொம்பச் சின்ன குழந்தைன்னா வார்டுல அவசரப்பட்டு எடுத்துடறாங்க, எங்களுக்குக் கிடைக்கறதில்ல. லேசா சின்னதுன்னா தானே தேறிடுது, அதுலயும் பிரயோஜனம் இல்ல. உங்களோடது சரியா நடுவுல நிக்குது. பிழைக்குமா பிழைக்காதான்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாத இடம். நீங்க ரொம்ப அதிர்ஷ்டசாலி சார்!"

செக்கருக்கு நன்றி சொல்வதா நாற்காலியைத் தூக்குவதா என்று தெரியவில்லை. "இதுக்கு மருந்து இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கு. பாதிப் பேருக்கு மருந்து கொடுக்கிறோம். பாதிப் பேருக்கு அதே மாதிரி வெள்ளையா ஒரு சர்க்கரை மாத்திரை. யாருக்கு எதுன்னு வாங்கறவங்களுக்கும் தெரியாது, கொடுக்கறவங்களுக்கும் தெரியாது."

"உங்களுக்கு?"

"எனக்குத் தெரியாது," என்று இயக்குநர் நெஞ்சில் கைவைத்தார். "இந்த மையத்துல எனக்குத் தெரியாத அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது."

மருந்தாக இருந்துவிடாதா என்ற நப்பாசையில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே எங்கும் ஸ்கேன் எடுக்கக் கூடாது, எடுத்தால் ஆய்விலிருந்து நீக்கம் என்பது முக்கியமான நிபந்தனை. வீட்டுக்கு வந்ததும் செக்கர் ஒரு மாத்திரையை எடுத்து நக்கிப் பார்த்தார். இனித்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கசக்கிற மருந்துக்கு மேலே சர்க்கரை பூசுவது வழக்கம்தானே என்று மறுநாள் தோன்றியது. அதற்கடுத்த நாள், அப்படித் தோன்றவேண்டும் என்பதற்காகவே இனிக்கவைத்திருப்பார்களோ என்று தோன்றியது. அவளோ வேளை தவறாமல் விழுங்கினாள்.

ஸ்கேன் எடுக்கிற முறைதான் மையத்தின் பெருமை. அதற்கு மூன்று அறைகள். முதல் அறையில் ஓர் இளம் டாக்டர் வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் தலையையும் வயிற்றையும் தொடை எலும்பையும் அளப்பார், கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். ஆனால் அளவு தெரிகிற மூலையில் ஓர் அட்டையை ஒட்டியிருந்தார்கள். அளவுகள் கம்பி வழியாக இரண்டாம் அறைக்குப் போகும். அங்கே ஒருவர் எண்களைப் பார்ப்பார், எது எவருடையது என்று அவருக்குத் தெரியாது. எந்த எண் எந்தத் தாயுடையது என்ற விவரம் மூன்றாம் அறையில் இருந்தது. அந்த அறை பூட்டியிருந்தது. ஆய்வு முடிந்த பிறகுதான் திறப்பார்கள்.

"கொஞ்சம் இருங்க மேடம்," என்றார் செக்கர். "வயித்துல கைவைக்கிற உங்களுக்கு எண் தெரியாது. எண் தெரிஞ்சவருக்கு ஆள் தெரியாது. ஆள் தெரிஞ்ச ரூமுல ஆளே கிடையாது. அப்ப குழந்தை வளருதா இல்லையான்னு யாருக்குத்தான் தெரியும்?"

"அறிவியலுக்குத் தெரியும் சார்."

"அவர் எத்தனை மணிக்கு வருவார்?"

இளம் டாக்டர் நல்ல பெண். பொறுமையாக விளக்கினார். குழந்தை சின்னது என்று தெரிந்தால் தாய் இரண்டு வாய் கூடச் சாப்பிடுவாள், அளவு கெட்டுப்போகும். டாக்டருக்குத் தெரிந்தால் கை நடுங்கும், மனசு இளகும். "இரக்கமும் ஒரு பிழை சார். அதை எங்க முறையில சுத்தமா நீக்கிட்டோம்."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று பழமொழிதான் உண்டு. அதற்குக் கட்டடம் கட்டி, திறப்பு விழா நடத்தி, மூன்று அறை ஒதுக்கியதைச் செக்கர் அன்றுதான் பார்த்தார்.

காத்திருக்கும் கூடத்தில் எல்லா வாரமும் அதே முகங்கள்தான். அவர்களில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒருத்தி எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பாள். எல்லாருக்கும் பன் கொண்டுவருவாள், "நம்ம பிள்ளைங்க எல்லாம் சிக்கனமா வளருதுங்க, பின்னாடி நல்லாச் சேர்த்து வைக்கும்" என்பாள். மற்ற தாய்மார்கள் சிரிப்பார்கள். செக்கருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கூட்டம் கலங்காமல் பார்த்துக்கொள்ள மையமே சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஆள் அவள் என்று தீர்மானித்தார். வயிறுகூடத் தலையணையாக இருக்கலாம் என்று மனைவியிடம் சொன்னார். "என்னுதும்தான்," என்றாள் அவள்.

மூன்று அறைகளும் வாயைக் கட்டிவிட்டதால் செக்கர் தன் தொழிலுக்குத் திரும்பினார், முகத்தைப் படிக்கத் தொடங்கினார். அடுத்த ஸ்கேனின்போது இளம் டாக்டரின் இடது புருவம் லேசாக உயர்ந்தது. எண் தெரியாவிட்டாலும் படம் தெரியுமே.

"மேடம், புருவம் ஏன் மேல போச்சு?"

"ஒன்னுமில்ல சார். பழக்கம்."

"போன தடவை போகலையே?"

இதற்காக மையத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். 'தந்தையரின் முகநோட்டம் முடிவுகளைப் பாதிக்கும்' என்று தீர்மானம் நிறைவேறியது. அடுத்த முறை இளம் டாக்டர் மூக்குவரை முகமூடி போட்டிருந்தார். செக்கர் கண்ணைப் படித்தார். அதற்கடுத்த முறை கறுப்புக் கண்ணாடி வந்தது. செக்கர் பெருமூச்சை எண்ணினார். அதற்கடுத்த முறை அறைக்குக் குறுக்கே கனமான திரை தொங்கியது. திரையில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. தாய் இந்தப் பக்கம் படுக்கவேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து கை மட்டும் வரும்.

முதல் தடவை திரை கட்டிய அன்று மனைவி கழிவறைக்குப் போயிருந்தாள். முந்தின நாள் முழுக்க நின்றே வேலை பார்த்ததில் செக்கருக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. அவள் வருகிறவரை ஒரு நிமிஷம் என்று கட்டிலில் சாய்ந்தார். ஓட்டை வழியாகக் கை வந்தது. சட்டையை மேலே தள்ளியது. சில்லென்று எதையோ தடவி, அவருடைய தொப்பைமேல் கருவியை வைத்து அழுத்தியது.

"மேடம், இது என் வயிறு!" என்றார்.

"உஸ்! யாருன்னு சொல்லாதீங்க," என்றது திரைக்கு அப்பாலிருந்து குரல். "ஆள் தெரிஞ்சா இந்த அளவு வீணாயிடும்."

"ஆம்பளை வயிறு மேடம்!"

"ஆளைப் பத்தின எந்தத் தகவலையும் காதுல வாங்கக் கூடாதுன்னு உத்தரவு சார். அசையாம இருங்க. தலை கிடைக்க மாட்டேங்குது."

கை வெகுநேரம் தலையைத் தேடியது. பிறகு தொடை எலும்பைத் தேடியது. கடைசியில் கிடைத்ததை அளந்துகொண்டு போய்விட்டது. மனைவி வந்தபோது, "உங்க முறை முடிஞ்சுது," என்று அனுப்பிவிட்டார்கள். செக்கர் வரவேற்பு மேஜையில் கத்தினார். உள்ளே போன எண்ணை வெளியே எடுக்க வழியில்லை, எந்த எண் என்று யாருக்குமே தெரியாதே என்று சிரித்த முகத்தோடு சொன்னார்கள். திரும்ப ஸ்கேன் எடுத்தால் ஒரே ஆளுக்கு இரண்டு அளவு வந்துவிடும், அது நேர்மைக் குறைவு. ஆக அந்த முறை அவள் வயிற்றை யாரும் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "உங்களுக்கு எத்தனை மாசம்னு சொன்னாங்களா?" என்றாள். செக்கரும் சிரித்தார். ஆனால் பார்க்கவேண்டிய குழந்தையைப் பார்க்காமல் விட்டுவிட்டார்களே என்ற எண்ணம் பல்லில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது.

மையத்தில் அதற்கு மறு வாரமே கொண்டாட்டம். கூடத்தில் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். ஆளுக்கு மூன்று பிஸ்கட். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"தாய்மார்களே! நம் ஆய்வில் சிசுக்களின் சராசரி வயிற்றளவு ஒரே பாய்ச்சலாக உயர்ந்திருக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் சொல்லாமல் இருக்க மனம் இல்லை!"

தாய்மார்கள் கைதட்டினார்கள். மனைவி செக்கரின் தொப்பையைப் பார்த்தாள். செக்கர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒட்டுமொத்தமாக எல்லாக் குழந்தைகளும் வளர்ந்துவிட்டன, ஒரு குழந்தையாவது வளர்ந்ததா என்பதுதான் தெரியவில்லை.

அந்தத் தோரணம் அவிழ்க்கப்படுவதற்கு முன்பே விபரீதம் வந்தது. இரண்டாம் அறையில் எண் பார்ப்பவர் ஒருநாள் எண்களை நிஜமாகவே பார்த்துவிட்டார். ஒரு சிசுவுக்குக் கொடியில் ரத்த ஓட்டமே இல்லை. விஷயம் பாதுகாப்புக் குழுவுக்குப் போனது. குழு கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தது. பிறகு தாய்மார்கள் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்தார்கள். இந்தத் தடவை பிஸ்கட் இல்லை. செக்கர் முதலில் கவனித்தது அதைத்தான்.

"உங்களிடம் எதையும் மறைப்பது இந்த மையத்தின் வழக்கம் அல்ல," என்று இயக்குநர் தொடங்கினார். "நம் ஆய்வில் உள்ள ஒரு சிசு பெரும் ஆபத்தில் இருக்கிறது. யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. இவ்வளவு நெருக்கடியிலும் நாங்கள் அதைத் தெரிந்துகொள்ளவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பதற வேண்டாம். அது உங்கள் குழந்தையாக இருக்க வேண்டியதில்லை. அனைவரும் சமமாகக் கவலைப்படும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கூடத்தில் ஒருத்தி விசும்பினாள். பலருடைய கைகள் தானாக வயிற்றுக்குப் போயின. ரொட்டிக்கடைக்காரி முதல்முறையாகச் சிரிக்காமல் எழுந்து நின்றாள்.

"சார், எல்லாரையும் ஒருதடவை படுக்கவச்சு, அட்டையை எடுத்துட்டுப் பார்த்தா தெரிஞ்சிடுமே?"

"தெரிஞ்சிடும்மா," என்றார் இயக்குநர் கனிவாக. "தெரிஞ்சா காப்பாத்தத் தோணும். காப்பாத்திட்டோம்னு வைங்க, காப்பாத்தாம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அப்புறம் எப்படிம்மா தெரியும்?"

அவர் சொன்னது கூடத்தில் எல்லாருக்கும் புரிந்தது.

செக்கருக்கு மட்டும் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. மனைவியின் பக்கம் சாய்ந்து, "பயப்படாத. ரத்த ஓட்டமே இல்லாத கொடி யாருக்கு இருக்கும்? அது என் தொப்பை. நம்ம பிள்ளைக்கு ஒன்னும் இல்ல," என்றார். வாழ்நாள் முழுக்க எவனையும் நம்பாதவர், தனக்குச் சாதகமாக ஒன்று வந்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு நாளா சரியா உதைக்கலைங்க," என்றாள் மெதுவாக. "காலையிலேர்ந்து ஒன்னுமே இல்ல. உங்ககிட்ட சொன்னா இடிஞ்சு போயிடுவீங்கன்னு சொல்லல. இன்னைக்கு இங்க பார்ப்பாங்கன்னு நினைச்சேன்."

"அதான் ஒன்னுன்னு சொல்றாங்களே. அந்த ஒன்னு என்னோடதுதான்..."

"பஸ்ஸுல ஒருத்தன் மாட்டிக்கிட்டா மத்தவங்க எல்லார்கிட்டயும் டிக்கெட் இருக்குன்னு இறங்கிடுவீங்களா?"

செக்கர் குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார்.

"உங்க தொப்பையை நம்பி என் பிள்ளையை விட முடியாது. எந்திரிங்க."

அவள் எழுந்து வாசலை நோக்கி நடந்தாள். "வெளியே ஸ்கேன் எடுத்தால் நீக்கம்!" என்று ஒலிபெருக்கி நினைவூட்டியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ரொட்டிக்கடைக்காரி பையைத் தோளில் மாட்டினாள். அவள் பின்னால் இன்னொருத்தி, இன்னொருத்தி. பிறகு கூடமே எழுந்தது. நிறைவயிற்றுப் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்ததில் இரு பக்கமும் வண்டிகள் நின்றன. ஒரு பஸ் டிரைவர் செக்கரை அடையாளம் கண்டுகொண்டு, "சார், எல்லாரும் உங்க வீட்டுக்காரம்மாவா?" என்று கேட்டார். செக்கருக்கு அது காதிலேயே விழவில்லை.

வார்டு டாக்டரம்மா அன்றும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். "என்ன ஊர்வலம்?" என்றவர் விஷயத்தைக் கேட்டதும் கொட்டாவியைப் பாதியில் விழுங்கினார். "உதைக்கலைன்னு சொன்னது யாரு? நீங்க முதல்ல படுங்க." பழைய மெஷின், மூலையில் விரிசல். ஆனால் அதன் திரை தாயின் பக்கமாகத் திரும்பியிருந்தது, அட்டை எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். செக்கர் அவர் முகத்தைப் படிக்க முயன்றார். படிக்க அங்கே ஒன்றும் இல்லை. அவர் நேராகவே சொல்லிவிட்டார்.

"வளர்ச்சி நின்னுபோச்சு. கொடியில ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு, இதயத் துடிப்பும் தளர்ந்திருக்கு. முன்னாடியே பார்த்திருக்கணும். இப்பவே எடுக்கணும்."

"பிழைச்சிடுமா டாக்டர்?"

"வாக்குக் கொடுக்க மாட்டேன். உள்ளேயே விட்டா பிழைக்காது. வெளிய வந்தா சண்டை போட்டுப் பார்க்கலாம். கையெழுத்துப் போடுங்க."

அவர் சிரிக்கவில்லை. செக்கர் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளாத குறையாக அவர் அழுதார். முன்பின் தெரியாதவன் பையைக்கூடத் திறந்து காட்டச் சொன்னவர், சொந்தப் பிள்ளை விஷயத்தில் எவனோ சொன்ன 'ஒன்று' என்ற சொல்லை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாரே. அவள் எழுந்திருக்காவிட்டால் இந்நேரம் இருவரும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஸ்கேன் முடிந்து வந்த ரொட்டிக்கடைக்காரி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பன்னை நீட்டினாள். அவள் குழந்தைக்கு ஒன்றுமில்லை, சின்னதாக இருந்தாலும் துருதுருவென்று இருந்தது.

"உங்களை அந்த மையத்து ஆளுன்னு நினைச்சுட்டேன்மா," என்றார் செக்கர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சிரிக்கிறதுக்குச் சம்பளம் வாங்கறீங்கன்னு."

"சிரிக்கிறதுக்குச் சம்பளமா?" அவள் யோசித்தாள். "வீட்டுல தனியா அழறேனே, அதுக்கும் சேர்த்துத் தருவாங்களா அண்ணே?"

குழந்தை பெண். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் அதில் அடங்கிவிடும். பிறந்ததும் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரோ தூரத்தில் கதவைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். செக்கர் தினமும் வேலை முடிந்து வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று, அதன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். ஏறும். இறங்கும். அடுத்தது ஏறுமா என்று சந்தேகம் வரும். ஏறும். இப்படியே பார்த்துப் பார்த்து, பெட்டியிலிருந்து மடிக்கும், மடியிலிருந்து வீட்டுக்கும் அது வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் சேர்த்துவைத்திருந்த குரலையெல்லாம் எடுத்தது. தெருவே எழுந்து உட்கார்ந்தது.

மையத்தில் ஆய்வு நிறைவு விழா என்று கேள்விப்பட்டபோது செக்கர் போகவேண்டும் என்றார். வெளியே ஸ்கேன் எடுத்ததற்காக எல்லாத் தாய்மார்களையும் எப்போதோ நீக்கிவிட்டார்கள், அழைப்பும் இல்லை.

"எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"கணக்கு தப்பா நிக்கக் கூடாதும்மா. அது என் தொப்பைன்னு சொல்லிடணும். இவ என்ன ஆனான்னும் காட்டிடணும். அவங்களுக்கும் தெரியணுமில்ல?"

மகளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் மாலைகள், ஒலிபெருக்கிகள், நீளமான மேஜை. இளம் டாக்டரும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், முகமூடியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல். இயக்குநர் எழுந்தார்.

"நம் ஆய்வு முழுமையடையவில்லை. சில தாய்மார்கள் அவசரப்பட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துவிட்டார்கள். பார்த்ததும் பெற்றெடுத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்தும்விட்டன. இனி அவற்றை அறிவியலுக்குப் பயன்படுத்த முடியாது. அவை இப்போது வெறும் குழந்தைகள்." குரல் தழுதழுத்தது. "ஆனால் ஒரு சிசு நமக்கு விசுவாசமாக இருந்தது. இத்துறையின் வரலாற்றிலேயே அப்படி ஒன்று பதிவானதில்லை. ஆய்வு முழுமையடையாததால் மூன்றாம் அறையைத் திறக்க விதி இல்லை, ஆகவே அது யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. பிறந்ததாகவும் தகவல் இல்லை."

பின்னாலிருந்த பெரிய திரையில் ஸ்கேன் படம் விழுந்தது. தலை இல்லை. கால் இல்லை. கொடி இல்லை. மேடு தட்டிய பிரம்மாண்டமான வயிறு மட்டும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பரவியிருந்தது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது.

மனைவி படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் பார்த்தாள். "ஏங்க," என்றாள்.

"ம்."

"படத்துல நல்லாத்தான் விழுந்திருக்கீங்க."

"இந்தச் சிசுவுக்காக," என்றார் இயக்குநர், "எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காப்போம்."

எல்லாரும் எழுந்தார்கள். செக்கரும் எழுந்தார், எழாமல் இருந்தால் நன்றாக இருக்காதே. "சார், அது வந்து..." என்று கையைத் தூக்கினார். "கேள்விகள் இறுதியில்," என்று முன்வரிசையிலிருந்து யாரோ அதட்டினார்கள். மேடை ஓரத்திலிருந்த இளம் டாக்டர் திரும்பிப் பார்த்தார். அந்தக் குரலை அவர் திரைக்கு அப்பாலிருந்து கேட்டிருக்கிறார். செக்கரின் தொப்பையைப் பார்த்தார், மேடையில் விழுந்த படத்தைப் பார்த்தார், செக்கர் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தார். இடது புருவம் மெல்ல மேலே போனது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

கூடம் முழுக்க ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அப்போதுதான் குழந்தைக்குப் பசித்தது. வீல் என்று ஒரு சத்தம் போட்டது. கூரையில் பட்டு, கண்ணாடியில் பட்டு, மேடைவரை போய்த் திரும்பியது. நூறு தலைகள் திரும்பின.

"யாருங்க அது?" ஒலிபெருக்கியில் இயக்குநரின் வெண்ணெய்க் குரல் உருகிக் கொதித்தது. "ஒரு சிசுவுக்கு அஞ்சலி செலுத்துற நேரத்துல கொஞ்சம்கூட இங்கிதம் வேண்டாமா? குழந்தையை வெளிய கொண்டுபோங்க!"

தொண்டர்கள் வந்து வழிகாட்டினார்கள், அதாவது தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். வாசலில் நின்ற காவலாளி கையை நீட்டினார்.

"சார், பாஸ் காட்டுங்க. பாஸ் இல்லாம எப்படி உள்ள வந்தீங்க?"

வாழ்நாளில் முதல்முறையாகச் செக்கர் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டார். காவலாளி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். செக்கர் நிமிரவே இல்லை. கையில் வீறிட்டுக்கொண்டிருந்த மகளைக் குனிந்து கொஞ்சிக்கொண்டிருந்தார்.